மாட்டுக் கழுத்தில் பட்டாளத்து வார்

மூக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் இருசப்பன் வாயைத் திறப்பார். யார் எந்தப் பழைய தோலைக் கொண்டுவந்து நீட்டினாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு தரம் நன்றாக மோந்து பார்ப்பார். "இன்னாய்யா இது, சினிமாக்காரன் சாமானு. பாலிஷ் நாத்தம் அடிக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அசலாக இருந்துவிட்டாலோ, "யப்பா சாமி... பட்டாளத்தான் வேர்வையாச்சே!" என்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓரம் லாரிகளுக்குத் தார்ப்பாயும் சீட்டும் தைக்கிற கடை அவருடையது. மனுஷன் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் ஊர் வைத்த பெயர் பட்டாளத்தார். வெள்ளைக்காரன் காலத்துக் காலாட்படைச் சிப்பாய்கள் தோளிலும் இடுப்பிலும் சுமந்து திரிந்த தோல் சாமான்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதால் வந்த பெயர் அது. ஒருநாள் பழைய லாரி சீட்டு ஒன்றைப் பிரித்தபோது, அடியில் முட்டுக் கொடுத்துத் தைத்திருந்த எருமைத்தோல் வார் ஒன்று கைக்கு வந்தது. விரல் தடிமன், ஓரத்தில் பட்டாளத்து முத்திரை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

அதற்குப் பிறகு தோட்டாப் பை ஒன்று, தோளில் மாட்டும் வார் இல்லாமல் கிடைத்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு வீட்டில் அதில் சாமை விதை போட்டு வைத்திருந்தார்கள். துப்பாக்கிக் கத்தியின் உறை ஒன்றைச் சங்கராபுரத்து நெல் வியாபாரி, மூட்டை குத்திப் பார்க்கும் குத்தூசிக்கு உறையாக்கியிருந்தார். கொடுத்தவர்களை இருசப்பன் மறப்பதே இல்லை. வைக்கோல் போர் மூடவோ, களம் மூடவோ ஒரு தார்ப்பாய் தைத்து அவரே தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுப்பார். "அவுங்க காப்பாத்தி வெச்சாங்கோ, நான் வாங்கிக்கினேன். சும்மா வாங்கினா தோலு நம்மகிட்ட தங்குமா?" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வார் மட்டும் கிடைக்காமல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எலவனாசூர்கோட்டை விஜயலட்சுமி வீட்டுப் பசுவின் கழுத்தில் அது இருந்தது. தோட்டாப் பையைத் தொங்கவிடுகிற பித்தளை வளையமும் கொக்கியும் அப்படியே இருந்தன. விஜயலட்சுமியின் புருஷன் வழியில் யாரோ ஒரு பாட்டன் பட்டாளத்திலிருந்து தோளில் மாட்டிக்கொண்டு வந்ததை மாட்டின் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டானாம். அந்தப் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக்கட்டி ஓட்டிப்போக வேண்டும். அதனால் எத்தனையோ மாடுகள் கைமாறியும் வார் மட்டும் கொட்டிலை விட்டு நகரவில்லை.

"இன்னா வேணா கேளு தம்பி, குடுக்கறேன். அத்த மட்டும் கேக்காத. அந்தக் கழுத்துப் பட்டய குடுத்தா வூட்டு லட்சுமி கூடவே போயிடும்" என்று விஜயலட்சுமி முதல் நாளே சொல்லிவிட்டார். இருசப்பன் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த வாரை நினைத்துப் புலம்புவார். கொக்கிப் பக்கம் வெடித்துப்போயிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. பக்கத்து டீக்கடை செழியன் குறும்புக்காரர். "ரிப்பேர்னு சொல்லி வாங்கியாந்து, அதே மாதிரி ஒண்ணு தச்சி மாட்டி வுட்டுடுண்ணா. மாடு வந்து சாட்சியா சொல்லப் போவுது?" என்றார். இருசப்பன் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனார்.

ஆனாலும் வாரை வாங்கிவந்தார், நிஜமாகவே ரிப்பேருக்கு. புதுத் தோல் வைத்துத் தைத்தால் பழைய தோலை அது இழுத்துக் கிழித்துவிடும். அதே வயசுத் தோலாக வேண்டும். கடையெல்லாம் துழாவினார், எதுவும் சேரவில்லை. கடைசியில் ஆணியில் தொங்கிய அந்த முதல் வாரை, லாரி சீட்டில் கிடைத்ததை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கத்தியை எடுத்து முத்திரை இருந்த பக்கமாகவே வெட்டினார், கெட்டித்தோல் அங்கேதான் இருந்தது. செழியன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாவி மனுஷா, இத்தப் போயி மாட்டுக்கா வெட்டுவே!"

வார் திரும்பிப் போனது. விஜயலட்சுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த துண்டில் இருந்த முத்திரையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்து, "இது எங்கேர்ந்து தம்பி?" என்றார். "எங்கிட்ட கெடந்துச்சிக்கா." அவ்வளவோடு இருசப்பன் கிளம்பிவிட்டார். முதல் வாரை வெட்டிய கதையை ஒரு சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டில் விஜயலட்சுமியைப் பார்த்தபோது செழியன் சொல்லிவிட்டார். கேட்ட அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தை பிறந்ததும் கடை வாசலில் ஒரு டாட்டா ஏஸ் வந்து நின்றது. அதிலிருந்து விஜயலட்சுமி இறங்கினார், கூடவே ஒரு கிடாரிக் கன்று. அதன் கழுத்தில் அந்த வார். இருசப்பன் பதறிப்போனார். "இன்னாக்கா இது, பட்டயோட ஓட்டியாந்துட்ட? புதுக்கயிறு நான் வாங்கலியே!"

"விக்கற மாட்டுக்குத்தான் தம்பி கயிறு மாத்தறது. கூடப் பொறந்தவனுக்குக் குடுத்தா, கட்டனது கட்டனபடியே ஓட்டி வுடுவோம். எங்க வூட்ல அப்பிடித்தான்."

காலைத் தொடக் குனிந்த இருசப்பனை விஜயலட்சுமி தோளைப் பிடித்து நிறுத்தினார். "நல்லாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார்.

இப்போது பைபாஸ் ஓரம், லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவில், தார்ப்பாய்க் கடை வாசலில் ஒரு கன்று நிற்கிறது. மிச்சம் விழுந்த தார்ப்பாயில் அதற்கு ஒரு பந்தல். சாணி அள்ளிக்கொண்டே ஊரெல்லாம் கேட்க அந்த அம்மாவை வாழ்த்துவார் இருசப்பன். உள்ளே சுவரில் தோட்டாப் பை வார் இல்லாமலேயே தொங்குகிறது.

செழியன் விடுவதாக இல்லை. "இன்னாண்ணா, பட்ட உன்னுது ஆயிப்போச்சில்ல. கழட்டி அந்தப் பையில மாட்டுறதுதானே, பாப்போம்."

இருசப்பன் கன்றுக்குப் பக்கத்தில் குந்தினார். வாருக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தது. கொக்கியைக் கழற்றி, அடுத்த ஓட்டைக்குத் தளர்த்தி மாட்டிவிட்டார்.