மூன்றாம் வகுப்பில் பிளிறிய யானை

ஸ்மார்ட் கிளாஸ் வந்த முதல் வாரத்திலேயே எங்கள் பள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தின் வேலையை நிறுத்திவிட்டது. மூணாறுக்கு மேலே உள்ள எஸ்டேட் ஒன்றின் தமிழ்வழிப் பள்ளி அது. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அன்று கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலையாளி. புரொஜெக்டரை வைத்து நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று அவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். பாடம் யானை. முந்தின நாளே வாயால் நடத்தி முடித்திருந்தேன். வீடியோ போடுவதுதான் பாக்கி. போட்டேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

"சவுண்டு இல்லல்லோ டீச்சர்" என்றார் ஆபீசர்.

பதற்றத்தில் ஸ்பீக்கர் திருகை முழுக்கத் திருகினேன். அப்புறம்தான் ஒயர் கழன்று கிடப்பதைப் பார்த்தேன். எடுத்துச் சொருகினேன்.

யானை பிளிறியது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. கீழே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் காதிலும் அது தெளிவாக விழுந்திருக்கிறது.

"ஏ புள்ளைகளா, பள்ளிக்கூடத்துக்குள்ள ஆனைடி!" என்று அவர்களில் ஒருத்தி கத்தினாள்.

எங்கள் பக்கம் யானை வருவது அதிசயமில்லை. பிள்ளைகள் உள்ளே இருப்பதால் ஒருத்தியும் ஓடி ஒளியவில்லை. எல்லோரும் எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். சிலர் கையில் கொழுந்து வெட்டும் கத்தரி. மற்றவர்கள் யானையை விரட்டச் சோற்றுத் தூக்குவாளியைக் கல்லால் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

அந்தக் கூச்சலைக் கேட்டு, நிஜமாகவே வெளியே யானை நிற்கிறது என்று நினைத்துவிட்டார் ஆபீசர். "ஐயோ, ஆனை வன்னோ!" என்று பெஞ்சு மேல் ஏறிவிட்டார். நான் அவசரமாக வீடியோவை நிறுத்தினேன்.

முதலில் உள்ளே வந்தவள் என் மாணவி செல்வியின் அம்மா முத்துலட்சுமி. "டீச்சர், ஆனை எங்க?"

சுவரில் அசையாமல் நின்ற படத்தைக் காட்டினேன்.

 அதைப் பார்த்துவிட்டு முத்துலட்சுமி மூச்சிரைக்கச் சொன்னாள்: "உசுரக் கையில புடிச்சுட்டு ஓடியாந்திருக்கோம். எங்களுக்கும் அந்தப் படத்தப் போடுங்க."

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பொத்தானை அழுத்தப் போனேன். கரண்ட் போய்விட்டது.

என் ரிப்போர்ட்டும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது செல்வி எழுந்தாள். "அம்மா, நான் சொல்லுதேன். ஆனை தும்பிக்கையால குடிக்காது. உறிஞ்சி வாயில ஊத்திக்கிடும்." உடனே ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத முருகன் குட்டி யானையாகி, ஆபீசர் நின்ற பெஞ்சுக்கு அடியில் புகுந்து முட்டினான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டி, அது நின்னுக்கிட்டே தூங்குமா?" என்று கேட்டாள் முத்துலட்சுமி.

 "படுத்துத்தான் தூங்கும்", "படுத்தா எந்திரிக்க முடியாது" என்று பெரிய சண்டை. அம்மாக்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நான் பாடத்தில் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கரண்ட் வந்தது. இந்த முறை சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. வீடியோவின் கடைசியில் யானை ஒன்று மரத்தில் சாய்ந்து, நின்றபடியே கண்ணை மூடியது. வகுப்பே கத்தியது. ஜெயித்த கட்சியோடு ஆபீசரும் கை தட்டினார்.

ரிப்போர்ட்டில் "பெற்றோர் பங்கேற்பு மிகச் சிறப்பு" என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த வீடியோவையும் எடுத்தவுடனே போட்டதில்லை. முதலில் ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டு, பிள்ளைகளைச் சண்டை போட விடுவேன். "சீக்கிரம் போடுங்க டீச்சர்" என்று அவர்களே கெஞ்சும்போதுதான் புரொஜெக்டர் பக்கம் போவேன்.