கோட்டின் மேல் ஒரு வளையம்

ரேடியேட்டர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆள் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று அவருக்கே யோசித்தால்தான் வரும். பைக் மெக்கானிக்குக்கு அந்தப் பட்டம் வந்த காரணம் ரொம்பச் சுலபம். தலை எந்நேரமும் கொதிநிலையில் இருக்கும். மூடியைத் தொட்டவன் கையைச் சுட்டுக்கொள்வான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் காதைத் திருகினார் என்று பையை ஜன்னல் வழியாக வீசிவிட்டு வந்தவர். பையை யாரோ எடுத்துவந்து கொடுத்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை.

பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு கோபத்தைத் தட்டிக் கேட்க ஆளில்லாமல் அது இன்னும் செழிப்பாக வளர்ந்தது. கீழே பட்டறை வைத்திருந்த அப்படிப்பட்டவர் வீட்டு மாடியில்தான் மகளும் மாப்பிள்ளையும், பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத பேரனோடு வந்து தங்கியிருந்தார்கள்.

பேரன் வந்ததிலிருந்து ரேடியேட்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவி, அப்புறம்தான் தூக்குவார். இளநீர் வழுக்கை மாதிரிக் கன்னம். கொட்டாவி விட்டால் முகமே வாயாகிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நாலு தடவை மாடியேறுவார்.

அந்தச் சுகத்தில் மண்ணைப் போட்டது மாப்பிள்ளையின் வண்டி.

தெருமுனையிலிருந்து வீடு வரைக்கும் இறக்கம். மாப்பிள்ளை வேலை முடிந்து வரும்போது முனையில் திரும்பி ஆக்சிலேட்டரை விடுவார். விட்டதும் சைலன்சர் ஆரம்பிக்கும். டப். டப்டப். கொஞ்சம் மூச்சு வாங்கி, ஒரு டமார். மாடியில் தூங்குகிற குழந்தை இரண்டு கையையும் விரித்து ஆகாயத்தைப் பிடிக்கப் போவதுபோல உதறும். கீழுதடு பிதுங்கும். பிதுங்குகிற அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். அடுத்து வருகிற அலறலைத்தான் தாங்க முடியாது.

"ஏன் மாமா, மெக்கானிக் வீட்டு மாப்பிள்ளை வண்டியே இப்படி வெடிச்சா யாரு உங்ககிட்ட வண்டி விடுவா?" என்று மாப்பிள்ளை சிரித்தபடி ஒருநாள் கேட்டார்.

ரேடியேட்டருக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை கார்புரேட்டரில் காற்று வருகிற வழியை அடக்குகிற ஸ்குரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினார். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடும்; உள்ளேயே ஒழுங்காக எரிந்துவிடும்; எரியாத மிச்சம் சைலன்சருக்குள் போய் வெடிக்காது. கணக்கு சரிதான். சாயங்காலம் வண்டி வந்தது. டப்டப், டமார்.

மறுநாளும் திருகினார். மறுநாளும் டமார். உள்ளே திருகத் திருக ஸ்குரூ பழைய இடத்திலேயே நிற்பது மாதிரி ஒரு சந்தேகம். மகளுடைய நகப்பூச்சை எடுத்துவந்து ஸ்குரூ தலையிலும் பக்கத்திலும் ஒரே நேராகச் சிவப்புப் பொட்டு வைத்தார். அடுத்த காலை பார்த்தால் ஸ்குரூவின் பொட்டு ஒரு பக்கம், பக்கத்துப் பொட்டு ஒரு பக்கம்.

"மாப்பிள்ளை! என் கண்ணுல மண்ணத் தூவுறீங்களா? நான் வைக்கிறதை நீங்க ராத்திரியோட ராத்திரியாத் திருப்பி வைக்கிறீங்க!"

"எனக்கு ஸ்குரூ எங்க இருக்குன்னே தெரியாது மாமா."

"தெரியாதவர்தான் முனையில வந்ததும் வேணும்னே ஆக்சிலேட்டரை விடுறீங்களோ?"

"இறக்கத்துல விடாம முறுக்கிக்கிட்டே வந்து உங்க வீட்டுச் சுவத்துலயா முட்டச் சொல்றீங்க?"

பேச்சு தடித்தது. சாதுவான மாப்பிள்ளைதான், அன்றைக்கு அவருக்கும் காது சிவந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குக் கிளம்புறோம். என் பிள்ளை வண்டிச் சத்தத்துக்கு அழறதைவிட நீங்க போடுற சத்தத்துக்குத்தான் அதிகமா அழறான்" என்று சொல்லிவிட்டு மாடியேறினார். மகள் குழந்தைத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ரேடியேட்டர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. "போறவங்க போங்க" என்றுதான் வந்தது.

இங்கே தம்பியைச் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டருக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன். கல்யாணம் கட்டாதவன், பட்டறைக்குப் பின்னால் ஒரே அறையில் இருப்பவன். பட்டறையில் எஞ்சின் வேலை அண்ணனுக்கு. சைலன்சர், டாங்க், மட்கார்டு தம்பிக்கு. போன வருஷம் ஒரு வாடிக்கைக்காரர் முன்னால் அண்ணன், "அவன்கிட்ட என்ன கேக்குறீங்க, அவன் தகரம் தட்டுறவன்" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே தம்பி வெள்ளை பெயின்டை எடுத்துப் பட்டறை நடுவே தரையில் கோடு போட்டான். அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் தகரம். அன்றிலிருந்து பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சாமான்களிடம் சொல்லுவார்கள். "ஏய் ஸ்பேனர், உன்னை எடுத்தவனுக்குத் திருப்பி வைக்கத் தெரியாதா?" என்பார் அண்ணன். "சுத்தியலே, சில பேருக்குக் கண்ணு பின்மண்டையில இருக்கு" என்பான் தம்பி. வண்டிகள் மட்டும் கோட்டைத் தாண்டிப் போய் வந்தன. தம்பி வீட்டுப்படி ஏறவில்லை. குழந்தையை இன்னும் கிட்டத்தில் பார்க்கவில்லை. அழுகையை மட்டும் பின்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. மாடியில் மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை முன்னால் போவதற்காக வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ரேடியேட்டர் குறுக்கே போய் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுன்னா உண்மையை ஒத்துக்கிட்டுப் போங்க. திருப்பி வச்சது நீங்கதானே?"

"மாமா, கையை எடுங்க."

"சொல்லுங்க மாப்பிள்ளை!"

"அவரை விடு. நான்தான் திருப்பினேன்!"

ஒரு வருஷமாகக் கேட்காத குரல். தம்பி பட்டறை வாசலில் நின்றான்.

"டேய்! நீயா? எஞ்சினை நீ எப்படிடா தொடலாம்?"

"தொடாம? பிளக்கைக் கழட்டிப் பார்த்தேன், கரி அடுப்பு மாதிரி இருக்கு. பெட்ரோல் அதிகமாகித்தான் வெடிக்குதுன்னு தினம் சாயங்காலம் வண்டி பட்டறைக்குள்ள வந்ததும் காத்தைக் கூட்டி வச்சேன். நீ தினம் காலையில குறைச்சிருக்க. குழந்தை அழறது உனக்கு மட்டும்தான் கேக்குதா?"

"நான் உள்ளே திருகுறேன், நீ வெளியே திருகுற! ரெண்டு பேரும் சேர்ந்து மாவாடா ஆட்டிக்கிட்டு இருந்தோம்?"

"மாவாட்டவாவது உன்கூடச் சேருவேனா நான்?"

"தகரம் தட்டுறவனுக்கு வாயைப் பாரு!"

"அதைச் சொல்லாதேண்ணே. இன்னொரு தடவை அதைச் சொல்லாதே!"

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மாடியில் குழந்தை வீறிட்டது. மகள் பிள்ளையைத் துண்டில் சுற்றிப் பாயில் கிடத்திவிட்டு, குளிப்பாட்டிய தண்ணீர்த் தொட்டியோடு மாடி விளிம்புக்கு வந்தாள்.

"பிள்ளை காது என்ன இரும்பா?" என்று கத்தி, தொட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

சோப்புத் தண்ணீர் மூன்று ஆண்கள் தலையிலும் வண்டி மேலும் கொட்டியது. மாப்பிள்ளை கண்ணைத் தேய்த்தார். சகோதரர்கள் இருவரும் தேய்க்கவில்லை. வாய் பிளந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் ஸ்டார்ட் ஆன வண்டி, தண்ணீர் கொதிக்கிற அளவுக்குச் சூடு ஏறவில்லை. எஞ்சினிலிருந்து சைலன்சர் குழாய் கிளம்புகிற மூட்டில் நுரை புஸ் புஸ்ஸென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"லீக்கு" என்றார் அண்ணன்.

"லீக்கேதான்" என்றான் தம்பி.

ஆக்சிலேட்டரை விட்டதும் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் போகிறது. எரியாத பெட்ரோல் அங்கே அதற்காகக் காத்துக் கிடக்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? ஸ்குரூவை வருஷம் முழுக்கத் திருகினாலும் அது நிற்காது.

"உன் குழாய்தானே? பார்த்திருக்க வேண்டியது நீ" என்றார் அண்ணன்.

"குழாய் என்னுது. நட்டு எஞ்சின்ல இருக்கு. எஞ்சின் உன்னுது."

"நடுவுல இருக்கிற வளையம்?"

தம்பி திரும்பி வெள்ளைக் கோட்டை எட்டிப் பார்த்தான். எஞ்சினுக்கும் குழாய்க்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிற அந்தச் செம்பு வளையத்தை ஒரு வருஷமாக எந்த வண்டியிலும் இரண்டு பேரும் தொடவில்லை. அண்ணன் அதைத் தம்பி பார்ப்பான் என்று விட்டார். தம்பி அதை அண்ணன் பார்ப்பார் என்று விட்டான். அந்த வருஷத்தில் பட்டறைக்கு வந்து போன வண்டிகள் எத்தனை, அதில் எத்தனை இப்போது எந்தெந்தத் தெருவில் வெடித்துக்கொண்டிருக்கின்றனவோ என்று நினைத்ததும் ரேடியேட்டர் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

"நின்னு என்னடா பார்க்கிற? குழாயைப் பிடி!"

"அதட்டாதே. பிடிக்கத்தானே வரேன்."

பழைய வளையம் இரண்டு துண்டாக வந்தது. புதுசு வைக்க ஒருத்தர் குழாயை ஆடாமல் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். தனியாளாகச் செய்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "தூக்குடா." "தூக்கிட்டுத்தானே இருக்கேன்." "இன்னும் தூக்கு, கையில என்ன வாதமா?" "நீ முதல்ல நேரா முறுக்கு, நட்டை அழிச்சிடாதே." வேலை முடிகிற வரைக்கும் திட்டு நிற்கவில்லை. கடைசியில் அண்ணன் ஸ்குரூவைத் திருகி, எஞ்சின் சீராகப் பாடுகிற இடத்தில் நிறுத்தினார். தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டு, "இன்னும் ஒரு மயிரிழை" என்றான். ரேடியேட்டர் முறைத்தார். ஆனால் ஒரு மயிரிழை திருகினார்.

மாப்பிள்ளை முனைக்குப் போய்த் திரும்பினார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டார். வண்டி உறுமல் தாழ்ந்து, தாழ்ந்து, வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒரு டப் கூட இல்லை.

"பாத்தியா, என் டியூனிங்!" என்றார் ரேடியேட்டர்.

"உன் டியூனிங்கா? நான் குழாயைப் பிடிக்காட்டி..."

"நீ பிடிச்ச லட்சணத்துக்கு..."

மாடியில் மறுபடியும் வீறல். மகள் குழந்தையை எடுத்துக்கொண்டு தடதடவென்று இறங்கி வந்தாள். "வண்டி வெடிக்கல. இப்ப வெடிச்சது யாரு?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினார்கள்.

அவள் குழந்தையைச் சித்தப்பா பக்கம் நீட்டினாள். அவன் கையை நீட்டி, தன் விரல்களின் கரியைப் பார்த்ததும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவன் மீசையை உற்றுப் பார்த்தது.

"கை கழுவிட்டு வாங்க சித்தப்பா. அப்பா, நீங்களும்" என்றவள், புருஷனிடம் திரும்பி, "ஆட்டோவை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

பட்டறையில் இருப்பது ஒரே குழாய், ஒரே சோப்பு.

"நான்தான்டா முதல்ல."

"நீதான் தினம் தூக்குறியே. தள்ளு."

"சோப்பைக் குடுடா டேய்!"

"மெல்லப் பேசுண்ணே, பிள்ளை பயப்படும்."