முள்ளெலி ஊர்க்காரர்

ஒன்பது வயதில் நான் ஒரு உளவாளியைப் பிடித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் இருந்த ஒரே தடயம் ஒரு முள்ளெலி.

எண்பதுகளின் நடுவில், ஜெர்மன் பேசும் வின்டர்தூர் நகரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு செக்கோஸ்லோவாக்கியர் தனியாக இருந்தார். இப்போது எனக்கிருக்கும் வயதுதான் அவருக்கு. அன்றைக்கு எனக்கு அவர் கிழவர். அவரும் அகதியாக வந்தவர். அப்பாவின் அகதி விசாரணைக்கு ஜெர்மன் தெரிந்த துணையாக வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்போது ஒரே மந்திரம்: கதை மாறக்கூடாது. மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவருடைய கதையோ மாறிக்கொண்டே இருந்தது. சொந்த ஊர் யிஹ்லவா என்பார். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஊரின் பழைய படத்தில் இக்லாவ் என்று இருந்தது. ஊர் போஹீமியாவிலோ என்று கேட்டால், "பாதி" என்பார். மொராவியாவிலோ என்றால், "மற்றப் பாதி. ரெண்டு மாகாணத்துக்கும் எல்லையில இருக்கிற ஊரடா." அவர் பேசிய ஜெர்மனை எங்கட தமிழில் எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்தப் படத்திலிருந்த ஊர்ச் சின்னத்தில் ஏன் முள்ளெலி என்று ஒருநாள் கேட்டேன்.

"முள்ளெலிக்கு ஜெர்மன்காரர் ஈகல் எண்டுவினம். அதாலதான் இக்லாவ் எண்டு அவை சொல்லுவினம். எங்கட ஆக்கள் யிஹ்லவா எண்டது ஊசியில இருந்து வந்த பேர் எண்டுவினம். ஆத்தில ஊசி மாதிரிக் கல்லு கிடக்குது."

ஒரு ஊருக்கு முள்ளெலியும் ஊசியும்! எனக்கு நன்றாகவே குத்தியது.

விசாரணை நாள் காலையில் சொல்லிவிட்டேன். "அப்பா, அவரைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. அவருக்கு ரெண்டு ஊர்."

அப்பா சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"உவன்ர கதையைக் கேட்டு நிக்காதேங்கோ, ரயில் போகப்போகுது" என்றா அம்மா.

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கீழே போனார். "ரெண்டில எது உண்மையெண்டு கேளடா."

கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ரெண்டும் ஒரே ஊர்தான். ஜெர்மன் கதைச்ச சனம் கனக்க இருந்தது. உலகச் சண்டை முடிய அவையை மூட்டை முடிச்சோட நாட்டை விட்டு அனுப்பிப்போட்டாங்கள். அதோட அந்தப் பேரும் போச்சு."

அப்பா நம்பவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை. ரயிலில் அவருக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் இருந்தாராம்.

விசாரித்தவருக்கு வந்த முதல் சந்தேகமே ஊரில்தானாம். பத்திரத்தில் ஜஃப்னா, அப்பாவின் வாயில் யாழ்ப்பாணம்; எது உண்மை? ஒரே ஊருக்கு இரண்டு பெயர் இருக்கும் என்று கீழ்வீட்டுக்காரர்தான் எழும்பி விளங்கப்படுத்தினாராம். திரும்பும்போது அப்பா அவருக்குப் பக்கத்தில் இருந்து வந்தார்.

என் சந்தேகம் மட்டும் இறங்கவில்லை. பின்னேரம் படியில் அவரை மறித்தேன். "உங்கட ஊரில இருந்து அனுப்பின ஆக்களின்ர வீடுகளில பிறகு ஆர் இருந்தது?"

அவர் சொன்ன பதிலை ஒரு விலாசம் கேட்பதுபோலத்தான் அன்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

"நாங்கள்தான். உன்ர வயசில அவையின்ர கட்டிலிலதான் நான் படுத்தனான்."