காதுக்குள் ஞானகுமாரி

கிறிஸ்துராஜுக்கு வேர்ப்பது மற்றவர்களுக்கு வேர்ப்பது மாதிரி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், தகர ஷெட்டுக்குள் முப்பத்தோரு வருஷம் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் ஓட்டிய உடம்பு. நாலு எட்டு வைத்தால் போதும், காதோரத்தில் கிளம்பிக் கழுத்துக்கு இறங்கி முதுகு முழுக்க ஓடிவிடும். மார்கழிப் பனியிலும் அப்படித்தான்.

ஐம்பத்தாறு வயசில் அந்த உடம்புக்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனியில் பிரஸ்ஸை விட்டு இறக்கி, உட்கார்ந்தபடி வெட்டின துண்டுகளுக்கு அளவு பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். தினம் நாற்பது நிமிஷம் நடக்கணும், நடக்காவிட்டால் இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்.

கிறிஸ்துராஜ் நடக்கவில்லை. மனைவி ஞானகுமாரி இறந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. வெள்ளானூரில் மூன்று அறை வீடு, அதில் இவர் ஒரு ஆள். யாருக்காக இந்த நெஞ்சைக் காப்பாற்றி வைக்கணும் என்று இருந்தது. மகள் ஷாரன் கல்யாணமாகித் திருவேற்காட்டில் பிளாட்டில் இருக்கிறாள், ஐ.டி. வேலை. தினம் போன் பண்ணி, "நடந்தியாப்பா?" என்பாள். "நடந்தேன்மா" என்பார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

நடக்க வைத்தது ஒரு பழைய பதிவு. போனில் இடம் இல்லை என்று காட்டியதால், வேண்டாததை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். அதில் அது அகப்பட்டது. கொரோனா அடைப்பில் கோயில் மூடிக் கிடந்த சமயம். பக்கத்துப் பதினைந்து கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து வாராவாரம் ஜெபம் சொல்வார்கள், அன்பியம் என்று பேர். அதுவும் நின்றுபோனதால் ஞானகுமாரி வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலையைச் சொல்லிப் பதிவு பண்ணி, வாட்சப் குரூப்பில் போடுவாள். ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் முன்பாதியை ஒருத்தர் சொல்லணும், பின்பாதியை மற்றவர்கள் சொல்லணும். அவள் முன்பாதியைச் சொல்லிவிட்டு இடைவெளி விடுவாள். அவரவர் வீட்டில் இருந்து பின்பாதியைச் சொல்லிக்கொள்ள வேண்டியது. மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

அந்த நாளில் கிறிஸ்துராஜ் ஒரு தடவைகூடப் பின்பாதியைச் சொன்னது கிடையாது. முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் மூன்றாவது பத்தில், அவள் குரல் சட்டென்று திரும்பி, "யோவ், அந்த டி.வி.ய கொஞ்சம் கொறைய்யா, சாமி காதுல உன் நியூஸ்தான் உய்வுது" என்கிறது. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த மணிக்குப் போகிறது. குரூப்பில் எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அதைப் போட்டுவிட்டுப் பால் வாங்கக் கிளம்பினார். இடைவெளி வந்ததும் வாய் தானாக அசைந்தது. பால் பூத்தைத் தாண்டி, புதுசாகப் பிளாட் போட்டிருக்கிற மனைப்பிரிவு ரோட்டின் கடைசிவரை போய்விட்டார். எதிரே வந்த இரண்டு பெண்கள் சட்டைப் பையில் இருந்து சத்தமாக ஜெபம் வருவதைக் கேட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அப்போதுதான் காதில் மாட்டுகிற ப்ளூடூத் ஒன்று வேணும் என்று தோன்றியது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் வாங்கிய முதல் ஜோடி பன்னிரண்டு நாள் வந்தது. காதில் இருந்து எடுத்ததும் வேர்வையோடு டப்பாவில் போட்டு மூடுவார். டப்பாவுக்குள் சார்ஜ் ஏறுகிற முள் பச்சை பிடித்துப்போனது. எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்தால் எல்லாரும் கம்ப்ரசர் குழாயை எடுத்து உடம்பில் ஒட்டின இரும்புத் தூளைக் காற்றடித்து ஊதிக்கொள்வார்கள். செருப்பு, டிபன் பாக்ஸ், எதற்கும் அதுதான் வைத்தியம். கிறிஸ்துராஜும் இயர்பட்ஸைக் கையில் பிடித்து அடித்தார் ஒரு அடி. வலை பிய்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் லேத் மெஷின் பக்கம் பறந்தது.

"இன்னா அண்ணாத்தே, காதுக்கும் காத்து புடிச்சியா?" என்று லேத்காரன் ராகேஷ் கேட்டான். "அப்டியே மூஞ்சிக்கு ஒரு அடி அடி, ஒரு பத்து வயசு கொறையும்."

விஷயத்தைக் கேட்ட ஷாரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடையதையே கொண்டுவந்து கொடுத்தாள். விலை கூடினது. காதை அடைத்துக்கொண்டு உட்காரும், வெளிச்சத்தம் வராது.

"இது மீட்டிங் பேசறதுக்குப்பா. வேர்வைக்கு அவ்ளோ தாங்காது. தொடச்சி தொடச்சி வெச்சிக்கோ."

மறுநாள் காலை மனைப்பிரிவு ரோட்டில் அதை மாட்டிக்கொண்டு நடந்தார். கூட ஞானசேகரன். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், இரண்டு தெரு தள்ளி வீடு, சர்க்கரைக்காக நடக்கிறவர். ஞானகுமாரி முன்பாதியைச் சொன்னாள். கிறிஸ்துராஜ் பின்பாதியை ஆரம்பித்தார். காதுக்குள் எல்லாம் நின்றுவிட்டது. பதிவில் எப்போதும் ஓடுகிற மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. சரி, இதுவும் நாஸ்தி என்று நினைத்துக்கொண்டே பின்பாதியை முடித்தார். சற்றுப் பொறுத்து அவள் திரும்ப ஆரம்பித்தாள். இவர் வாயைத் திறந்ததும் மறுபடி நின்றாள். இவர் முடிக்கும்வரை நின்றாள்.

போன் பண்ணிக் கேட்டார். ஷாரன் சொன்னாள்: "ரிப்பேர் இல்லப்பா. நாம பேச ஆரம்பிச்சா அது பாட்ட நிறுத்திடும், முடிச்சதும் அதுவே போடும். ஆபீஸ்ல யார்னா கூப்ட்டா பேசறதுக்கு அப்டி வெச்சிருக்கான். தொந்தரவா இருந்தா ஆஃப் பண்ணிடறேன்."

"வேணாம்மா. அப்டியே இர்க்கட்டும்."

ஞானகுமாரி யாருக்கும் நின்றவள் இல்லை. ஜெபத்திலும் அப்படி, ரோட்டிலும் அப்படி. அன்பியத்தில் மற்றவர்கள் பின்பாதியை முடிக்குமுன் அடுத்த மணியை ஆரம்பித்துவிடுவாள். "மெயில் வண்டி" என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். பதிவிலும் அவள் விட்ட இடைவெளி சின்னது. முதல் ஜோடி இயர்பட்ஸில் கிறிஸ்துராஜ் தடுக்கித் தடுக்கித்தான் போனார். அவர் பாதி சொல்வதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விடுவாள். கோபம்கூட வரும். இருபத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்து, இப்போதுதான் முதல்தடவையாக அவருக்காக நின்று கேட்கிறாள். மெஷின்தான் அப்படிச் செய்கிறது என்று தெரியும். தெரிந்தால் என்ன? காதில் கேட்பது அவள் நிற்பதுதான்.

அதற்குப் பிறகு கிறிஸ்துராஜை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. ரோட்டில் தினம் போகிற ஐந்து சுற்று ஏழானது. கைக்குட்டையைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு, வேர்வை வழிய வழிய வேகம் எடுத்தார். ஞானசேகரன் பின்னாலிருந்து கத்துவார்: "நைனா, கடைசி பஸ்ஸு போயிடுச்சி. இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" இவருக்குக் கேட்காது. காது அடைத்திருக்கும். தண்ணீர் லாரி ஒருநாள் முழங்கை உரச ஹாரன் அடித்துப் போனதும் கேட்கவில்லை. இடது பக்கத்தில் வேர்வை இறங்கி, நனைந்த துணிக்குப் பின்னால் இருந்து பேசுகிற மாதிரி குரல் மங்கியது. அதையும் சட்டை பண்ணவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, ஆறாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்தது. மனையைப் பிரிக்க நட்டிருந்த கல்லின்மேல் உட்கார்ந்தார். கண் முன்னால் ரோடு வெளுத்துப்போனது. பின்னால் வந்த ஞானசேகரன் ஆட்டோவை மறித்து ஏற்றி, ஆவடி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஸ்டென்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபின் டாக்டரம்மா வந்தார்.

"நடக்கும்போது பேச வருதா உங்களுக்கு?"

"வருதும்மா. ஜெபமே சொல்லிகினு நடக்கறேன்."

"ஒரே மூச்சுல சொல்றீங்களா, வுட்டு வுட்டு சொல்றீங்களா?"

கிறிஸ்துராஜ் யோசித்தார். கொஞ்ச நாளாக நாலு வார்த்தை, ஒரு மூச்சு, நாலு வார்த்தை, ஒரு மூச்சு என்றுதான் போய்க்கொண்டிருந்தது.

"வுட்டு வுட்டுதான்."

"அப்ப அது உங்க நெஞ்சுக்கு அதிக வேகம். நடக்கறப்போ பேச வரணும், பாட வரக்கூடாது. அதுதான் உங்க அளவு. பேச்சு ஒடைஞ்சா வேகத்தக் கொறைக்கணும். ஒடையறது உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே?"

தெரியவில்லை. அவர் எத்தனை மூச்சு வாங்கினாலும் ஞானகுமாரி நின்றாளே, எப்படித் தெரியும்? பழைய ஜோடியில் தடுக்கினபோதெல்லாம் கால் தானாக மெதுவாகியிருக்கிறது. கோபப்பட்டுக்கொண்டே மெதுவாகியிருக்கிறார். இதில் தடுக்கவே இல்லை. அளவு பார்க்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், தன் அளவுக் கருவியைத் தானே கழற்றிப் போட்டுவிட்டார்.

டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஷாரனிடம் மட்டும் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிட்டா போதும்பா. வேற வாங்கவே வேணாம்" என்றாள்.

"ஆஃப் பண்ணுவ. ரெண்டு நாள் இருப்பேன். மூணாம் நாள் ராகேஷாண்ட குடுத்து ஆன் பண்ணச் சொல்லுவேன். என்னிய எனக்குத் தெரியும். அது கையில இருக்கக்கூடாது."

இரண்டு பேரும் பூந்தமல்லியில் ஜாபஸ் என்பவரின் செல்போன் கடைக்குப் போனார்கள். முப்பத்தைந்து வயசு ஆள், காலையில் ஜிம்முக்குப் போய் வந்துதான் கடையைத் திறப்பார். விற்கிறதைத் தானே மாட்டிப் பார்த்தவர் என்பதால் வளவளவென்று பேசவில்லை.

"வேர்வை எப்டி வரும்ணே?"

"கொட்டும்."

"அப்ப பொட்டில இந்த நெம்பரப் பாரு." பெட்டியின் ஓரத்தைக் காட்டினார். "ஐ.பி.எக்ஸ் நாலுன்னா தண்ணி தெளிச்சா தாங்கும். அஞ்சு, ஆறுன்னா இன்னும் நல்லது. உனுக்கு நாலுக்குக் கீழ வேணவே வேணாம். இதுல ஒண்ணும் எழுதல பாரு, சும்மா குடுத்தாலும் தொடாத." நம்பர் இல்லாத அந்த இன்னொரு பெட்டியை மேல் தட்டில் தள்ளினார். "டச்சா, பட்டனா?"

"இன்னா வித்தியாசம்?"

"டச்சுல வேர்வைச் சொட்டு உய்ந்தாலே விரல்னு நெனச்சிக்கும். பாட்டு தானா நிக்கும், தானா மாறும். பட்டன்னா அமுக்கினாத்தான்."

"தானா நிக்கறது வேணாம்" என்றார் கிறிஸ்துராஜ். ஷாரன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காதை அடைக்கிற ரகம் ஒன்றை மாட்டச் சொன்னார் ஜாபஸ். கடைக்கு வெளியே மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத்தடுப்பு ஓரமாக இருபது எட்டு நடந்துவிட்டு வந்தார் கிறிஸ்துராஜ். தன் காலடியே தலைக்குள் தொம் தொம்மென்று இடித்தது. பேசிப் பார்த்தால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. அடுத்து, காது மடலில் கொக்கி மாதிரி மாட்டி, துவாரத்தை அடைக்காமல் வெளியே நிற்கிற ரகம். அதில் பஸ் ஹாரன் கேட்டது, ஆட்டோக்காரன் சில்லறைக்குச் சண்டை போட்டது கேட்டது, அவர் குரலும் அவர் குரலாகவே கேட்டது.

"பேசினா இது நிக்குமா?"

"நிக்காது. நீ கத்தினாலும் அது பாட்டுக்குப் போயிகினே இருக்கும். அந்த வசதி வோணும்னா வேற ஒண்ணு கீது, எடுக்கட்டா? வேர்வைக்கும் தாங்கும், ஆறாம் நெம்பரு."

இரண்டும் சேர்ந்து ஒன்றிலேயே இருக்கும் என்று கிறிஸ்துராஜ் எதிர்பார்க்கவில்லை. ஜாபஸ் அதை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். கறுப்பாக, இரண்டு புளியங்கொட்டை மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வெச்சிரு" என்றார் கடைசியில். "கொக்கியே குடு."

ஜாபஸ் பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "கயட்டினதும் ஈரத்துணியால தொடச்சிடு, வேர்வைல உப்பு கீது. காஞ்சப்புறம் பொட்டில வெய்யி. காத்து கீத்து அடிச்சிடாத."

"அத யார்ரா உன்னாண்ட சொன்னது?"

"உங்க பொண்ணுதான் போன்ல சொல்லிச்சி."

ஆபீஸ் ஜோடியை அங்கேயே மகள் கையில் திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்குமுன் வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்தார்.

டாக்டரம்மா நடக்காமல் இருக்கச் சொன்ன ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை காலை கொக்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் மணிக்கே அவர் பின்பாதி முடியவில்லை, ஞானகுமாரி அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் இவர் சும்மா நின்றுவிட்டார். இவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். என்றைக்கோ ஒரு மத்தியானம் சொல்லி வைத்ததைச் சொல்லிக்கொண்டே போகிறாள். இத்தனை நாள் அந்த மெஷின் மறைத்து வைத்திருந்தது இதைத்தான். வீட்டில் சடலத்தைக் கிடத்தியிருந்த அன்றைக்குக்கூட இவ்வளவு தீர்மானமாகத் தெரியவில்லை.

முன்னால் போய்விட்ட ஞானசேகரன் திரும்பி வந்தார். "இன்னா நைனா, நெஞ்சா?"

"நெஞ்சில்ல. அவ நிக்க மாட்டேன்றா."

காதுக்குள் ஓடுகிற பதிவைப் பற்றி ஞானசேகரனுக்குத் தெரியும். செருப்பில் ஏறிய கல்லை உதறிவிட்டுச் சொன்னார்: "அவங்க எப்ப நின்னாங்க? நீதான் பார்த்துப் போவணும்."

கிறிஸ்துராஜ் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எட்டைக் குறைத்து வைத்தார். பின்பாதி இன்னும் நுனியில் வெட்டுப்பட்டது. இன்னும் குறைத்தார். சர்க்கரைக்கார ஞானசேகரன் முந்திக்கொண்டு போனார், நாய்கூட முந்திக்கொண்டு போனது. இரண்டாவது பத்தில், நாலாம் மணியோ ஐந்தாம் மணியோ, ஒரே மூச்சில் சொல்லி முடித்து வாயை மூடினார். அதற்கப்புறம்தான் அவள் ஆரம்பித்தாள். அந்த வேகத்தைக் காலில் பிடித்து வைத்துக்கொண்டார்.

ரோட்டுக் கடைசியில் ஞானசேகரன் நின்று, வா என்று கையைக் காட்டினார். நீ போ என்று கிறிஸ்துராஜ் கையைக் காட்டினார். பேசினால் அடுத்த மணி தவறிவிடும்.