பாதுகாப்பான இடம்

என் வேலையின் பெயர் நீளமானது: குடும்ப வன்முறையால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான ஆரம்பகட்ட உதவி ஒருங்கிணைப்பாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்து கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். அதனால் அந்தப் பெயரில் ஒரு சொல்லைக் குறைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. வாவியில் வலை வீசும் அப்பா அதைச் சொல்லிப் பார்த்து, பாதியில் மூச்சு வாங்கி விட்டுவிட்டார். அயலவர்கள் கேட்டால், "மகள் புருஷன் பொஞ்சாதி சண்டை விலக்குறா. அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களாம்" என்பார். அதே வேலையை எங்கள் வீட்டில் நான் சிறுவயது முதல் இலவசமாகச் செய்து வந்தது அவருக்கு ஞாபகம் இல்லை.

அடிதடி நடக்கும் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால், அது வளர்ந்து முடங்கிப்போகும் வரை காத்திராமல் முன்பள்ளி ஆசிரியை, மருத்துவமாது, உளவள ஆலோசகர், நன்னடத்தை அலுவலர் எல்லோரையும் நேரத்தோடு ஒரு திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் என் வேலை. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் உதவ வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஒரே பிள்ளையிடம் எல்லோரும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அதைத் தடுக்கத்தான் என்னை நியமித்தார்கள். முதல் பயணத்திலேயே நானும் போய் அதையே கேட்டேன்.

போர் முடிந்த வருடம் அது. நாவற்குடாவில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகள் நிற்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தச் சிறுமி இருந்தாள். ஐந்து வயது ஆகவில்லை. முன்பள்ளியில் ஒரு தட்டு விழுந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறாள், கொஞ்ச நாளாக யாரோடும் ஒரு சொல் பேசவில்லை என்று அங்குள்ள ரீச்சர் எனக்குச் சொல்லியிருந்தார். தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பது ஒழுங்கைக்கே தெரிந்த விஷயம்.

இரகசியம் காக்க வேண்டும் என்று பயிற்சியில் எனக்குப் படிப்பித்திருந்தார்கள். நானோ கொடி கட்டிய வெள்ளைப் பிக்கப்பில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் போய் இறங்கினேன். அந்த நிறத்தில் ஒரு வாகனம் நின்றால் என்ன அர்த்தம் என்று அந்த ஊருக்கு அதற்குள் நன்றாகத் தெரியும். நான் படலையைத் திறப்பதற்குள் ஒழுங்கை முழுவதும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றது.

"மிஸ், இந்த முறை நிவாரணம் தகரமா, பாயா?"

"ஒண்டும் இல்ல. நான் சும்மா பார்க்க வந்தன்."

"சும்மா பார்க்க வாறவங்களும் தண்ணி வாளியாவது தாறவங்க, மிஸ்."

நான் தேடி வந்த தாயும் அந்த வரிசையில்தான் நின்றாள். கன்னத்தில் வீக்கம் இருந்தது. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

கூட்டம் அலுத்துக் கலைந்த பிறகு நான் சிறுமியின் முன்னால் அமர்ந்து புதுக் கலர் பென்சில்களை விரித்தேன். "மனசில என்ன வருதோ அதக் கீறுங்க" என்றேன். அவள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நீலத்தை எடுத்து ஒரு பெரிய அலை, அதற்குள் ஒரு கவிழ்ந்த தோணி, ஓரத்தில் ஒரு தென்னை என்று மளமளவெனக் கீறி என்னிடம் நீட்டினாள். நான் உடனே கோப்பைத் திறந்தேன். 'சுனாமியின் ஆழ்ந்த பாதிப்பு' என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் அவள் மற்றக் கையையும் நீட்டிக்கொண்டு இருப்பதைக் கண்டேன்.

"பிஸ்கட் கேக்கிறாள், மிஸ்" என்றாள் தாய். "வாற எல்லாருக்கும் இதத்தான் கீறிக் குடுப்பாள். கடல் கீறினா பிஸ்கட் குடுக்கிறவங்க."

"சுனாமி நேரம் இவ எங்க இருந்தவ?"

"என்ட வயித்துக்குள்ள."

எழுதியதை வெட்டினேன். புறப்படும்போது தாய் பிக்கப் வரை வந்தாள். அங்கேதான் அவள் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"மிஸ், என்ட பிள்ளையப் பிடிச்சு இல்லத்தில விட்டிருவாங்களா?"

இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் நன்னடத்தை அலுவலர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பிள்ளை இருக்கப் பாதுகாப்பான இடம் ஒன்றை நான் காட்டாவிட்டால், சிறுவர் இல்லத்துக்கு அனுப்பப் பரிந்துரைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அவர் கல்நெஞ்சர் இல்லை. பார்த்துக்கொண்டு இருந்து பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் ஓடித் திரிந்தேன். ஒருங்கிணைத்தேன் என்று அறிக்கையில் எழுதினேன். நகரில் பெண்களுக்கான ஒரு விடுதியில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு அறை. அருகிலேயே முன்பள்ளி. ஆலோசகர் நடந்துவரும் தூரம். மருத்துவமாதுவும் சம்மதம். பயிற்சியில் தந்த கையேட்டில் சொன்ன 'வெளியேறும் திட்டம்' ஒரு குறையும் இல்லாமல் என் கோப்புக்குள் இருந்தது. அதைத் திறந்து திறந்து நானே வாசித்து மகிழ்ந்தேன். ரீச்சருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர், "நல்லாத்தான் இருக்கு. அந்தத் தாயிட்டக் கேட்டயா?" என்றார். கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கேட்கப் போனபோது அவள் முற்றத்தில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டு இருந்தாள். நான் முழுத் திட்டத்தையும் சொல்லி முடிக்கும்வரை கைவேலையை நிறுத்தவில்லை.

"நான் ஏன் மிஸ் போகணும்? இது என்ட வீடு."

"அக்கா, பாதுகாப்புத்தான் முதல்."

"வளவு எங்கட அப்பா எனக்குச் சீதனமாத் தந்தது. இருந்த வீட்டக் கடல் கொண்டு போச்சு. அதே வளவுலதான் இதக் கட்டித் தந்தாங்க. நான் போனா அந்த மனிசன் காலை நீட்டிப் படுத்திருப்பார். மறுகா என்ட பிள்ளைக்கு எந்த வீடு?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு அறை எடுத்தவள் நான் அல்லவா. ஒத்துழைப்புக் குறைவு என்று கோப்பில் எழுதிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அங்கே என் தொழில் எனக்காகக் காத்திருந்தது. அம்மா உடுப்புக் காயப்போடும் கொடியில் அப்பா நண்டு வலையைப் போட்டுவிட்டார் என்று சண்டை. அப்பா வழக்கம்போல் இரண்டு சாரனை ஒரு பைக்குள் திணித்து, கல்குடாவில் இருக்கும் தன் சகோதரி, எங்கள் மாமி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டு இருந்தார். ரேடியோவைக் கையில் எடுத்தார்.

"அத வெச்சிட்டுப் போங்க" என்றார் அம்மா, அடுப்படியில் இருந்தபடியே. "அது இந்த வீட்டுட சாமான்."

அப்பா ரேடியோவை வைத்துவிட்டுப் போனார்.

நான் வாசற்படியில் கோப்போடு நின்றேன். பிறந்த நாள் முதல் பார்த்து வரும் காட்சி இது. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்து வந்து இருப்பது ஆண். சண்டை வந்தால் பையைத் தூக்குவதும் அவர்தான், தன் தாய் வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ. அம்மா கோபித்துக்கொண்டு படலையைத் தாண்டியதாக எங்கள் பரம்பரையில் கதையே இல்லை. பெண் புருஷன் வீட்டில் போய் வாழும் ஏதோ ஒரு ஊருக்கு எழுதிய கையேட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, வாவிக்கரையில் பிறந்த நான் ஒரு வீட்டுக்காரியிடம் போய் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லியிருக்கிறேன். படிப்பு எனக்கு நன்றாகத்தான் ஏறியிருந்தது.

மறுநாள் நன்னடத்தை அலுவலரிடம் போய், பாதுகாப்பான இடம் கிடைத்துவிட்டது, தகப்பன்தான் வெளியே போக வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தாள் போய் இருக்க ஒரு இடம் வேணுமே. இல்லாட்டி அடுத்த நாளே திரும்பி வந்து நிப்பான்."

தகப்பனின் அக்கா வயல் ஊரான உன்னிச்சையில் இருந்தாள். இந்த முறை பிக்கப்பும் கொடியும் இல்லாமல் பஸ்ஸில் போனேன். அவள் வரம்பில் நின்றபடியே என் பேச்சைக் கேட்டாள். என் வேலையின் முழுப் பெயரையும் சொன்னேன். அது அவளிடம் எடுபடவில்லை.

"கட்டிக் குடுத்து விட்டவனத் திருப்பித் தர வந்திருக்காய். நீ ஆருகா?"

"அக்கா, உங்கட தம்பிட பிள்ளை பேச்சை விட்டுட்டா. வீட்டில நடக்கிற அடியாலதான்."

அவள் மண்வெட்டியை வரம்பில் ஊன்றினாள். "முந்தி என்ன வாய் அவளுக்கு. என்னையே ஏசுவாள்" என்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். "வரச் சொல்லு. வயல் வட்டையில வேலைக்கு ஆள் இல்ல. குடிச்சிட்டு வந்தா வாடிக் குடிசைக்குள்ள கிடக்கட்டும். எனக்கு அடிச்சுப் பார்க்கட்டும் பாப்பம்."

அலுவலர் தகப்பனைக் கூப்பிட்டுப் பேசினார். அனுமதி இல்லாமல் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்பதைப் பொலிஸ் பெண்கள் பிரிவிலும் பதிந்தார்கள். தகப்பன் போகும் காலையில் நான் ரீச்சரோடு படலையில் நின்றேன். மறுத்தால் சொல்ல ஒரு பேச்சை மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அவர் பையோடு வந்தார். மகளைப் பார்த்தார். அவள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் மறைந்தாள். அவர் கக்கத்தில் ஒரு தலையணை வைத்திருந்தார்.

"தலகாணி இந்த வீட்டுட" என்றாள் மனைவி.

அவர் அதைத் திண்ணைக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் 'பாதுகாப்பான இடம்' என்ற இடத்தில் நான் அந்த வீட்டின் விலாசத்தையே எழுதிக் கொடுத்தேன். அலுவலர் ஏற்றுக்கொண்டார். மருத்துவமாது வாரா வாரம் போனார். ஆலோசகர் முன்பள்ளிக்கே வந்தார். அந்த மனிதர் திருந்தினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு தரம் குடித்துவிட்டு வந்து படலையில் நின்றார், பொலிஸுக்குச் சொன்னதும் அவர்கள் வந்து திருப்பி அனுப்பினார்கள். பிள்ளை தாயோடு இருந்தாள்.

சில மாதங்களுக்குப் பிறகு நான் சைக்கிளில் அங்கே போனேன். சிறுமி என்னைக் கண்டதும் உள்ளே ஓடி, கடதாசி எடுத்து வந்து, அலை, தோணி, தென்னை என்று கீறிக் கையை நீட்டினாள். இனி எவரும் படத்துக்குப் பிஸ்கட் கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பியவள் நான்தான். வெறுங்கையைக் காட்டினேன்.

அவள் என் கையையும் முகத்தையும் சைக்கிள் கூடையையும் பார்த்தாள்.

"பிஸ்கட் இல்லாம என்னத்துக்கு வந்த நீ?"

அடுப்படியில் தாயின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. அன்றைய அறிக்கையில், பிள்ளை பேசத் தொடங்கியுள்ளார் என்று எழுதினேன். என்ன பேசினார் என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை.