ஏழாம் நம்பர் வண்டி

வேலுசாமிக்கு வருகிற கோபமெல்லாம் வேலுசாமியின் மேலேயேதான். வேறு யார்மேல் காட்டுவது? கம்பெனி எங்கே இருக்கிறது, எந்தக் கப்பலில் என்ன வரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

திண்டுக்கல் ரயிலடி ஆட்டோ ஸ்டாண்டில் ஏழாம் நம்பர் அவருடையது. இருபத்திரண்டு வருஷமாக அந்த இடம்தான் அவருக்கு விலாசம். ஸ்டாண்டில் பதினெட்டு வண்டிக்குத்தான் இடம். ஊருக்குள் அலைந்து சவாரி தேடுகிறவர்கள் எல்லாரும் உள்ளே வர வரிசையில் காத்திருப்பார்கள். அதனால் ஒரு சட்டம் உண்டு: நாற்பத்தைந்து நாள் சொந்த வண்டியில் ஒரு சவாரிகூட எடுக்காதவரின் நம்பர், அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். சங்கச் செயலாளராக இருந்த காலத்தில் அந்தச் சட்டத்தைப் போட்டு, பலகையில் பச்சைப் பெயிண்டால் எழுதி மாட்டியவரே நம் வேலுசாமிதான்.

அதில் முதலில் அடிபட்டவன் சூசைராஜ். கால் முறிந்து ஐம்பது நாள் படுத்துவிட்டான். கட்டுப் போட்ட காலோடு வந்து நின்று, "அஞ்சே நாளுதாண்ணே கூடிப்போச்சு" என்று கெஞ்சினான்.

"சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான் அப்பு" என்று பலகையைக் கைகாட்டிவிட்டார் மனுஷன். நல்லா காட்டினார் போங்கள்! இப்போது அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனி மாசம் அவருடைய பழைய டீசல் ஆட்டோ எப்.சி. சோதனையில் தேறவில்லை. சரி, புகையும் வேண்டாம், பங்க்கில் நிற்கவும் வேண்டாம் என்று கரண்டு ஆட்டோவுக்கு எழுதிக் கொடுத்தார். பழைய வண்டியை ஷோரூம்காரர்கள் எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொண்டார்கள். ஷோரூமுக்குப் புது வண்டியும் வந்தது. பளபளவென்று, பச்சையும் வெள்ளையுமாக. பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தால் பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலி.

"பேட்டரிக்கு உள்ள வைக்கிற செல்லு வெளிநாட்டுல இருந்து வரணும்ணே. கம்பெனியிலயே நூத்துக்கணக்குல வண்டி இப்பிடித்தான் நிக்குதாம்" என்றாள் ஷோரூமில் வேலை பார்க்கும் பானுப்ரியா. "பத்து நாள்ல வந்துரும்ங்கிறாங்க. அதுக்குப் பெறகு எடுத்துக்கங்களேன்."

வேலுசாமி கேட்டாரா? மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடியில் புது வண்டி எடுத்து எந்தக் குடும்பம் விளங்கியிருக்கிறது? மனைவி புவனேஸ்வரி காலையிலேயே மாலையும் சந்தனமுமாக வந்து நின்றுவிட்டாள். "கையெழுத்தப் போட்டு வண்டிய வீட்டுல நிறுத்திருவோம். பேட்டரி எப்ப வேணாலும் வரட்டும்" என்றாள். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மூன்று சக்கரம், மூன்று எலுமிச்சம்பழம். வண்டி தானாக ஏறினால்தானே? நாலு பேர் பின்னால் நின்று தள்ளி, பழம் நசுங்கியது. புவனேஸ்வரி கண்ணை மூடிக் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டாள். குட்டியானை வேனில் ஏற்றி நாகல் நகர் வீட்டு வாசலில் வண்டியை இறக்கினார்கள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பத்து நாள் இருபதாயிற்று. ஆடி கடைசியில் ஷோரூமுக்கு ஆறு பேட்டரி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

பானுப்ரியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க வண்டி டெலிவரி ஆயிருச்சுன்னு காட்டுதுண்ணே. டெலிவரி ஆகாத வண்டிக்குத்தான் மொதல்ல கொடுக்கணும்னு கம்பெனி சொல்லுது."

"பேட்டரி இல்லாத வண்டி எப்பிடிம்மா டெலிவரி ஆகும்?"

"நீங்கதானேண்ணே கையெழுத்துப் போட்டீங்க? நானும் வேண்டாம்னு சொன்னேன்ல." கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "நானும் தெனம் மெயில் போடுறேன். பதிலே வரமாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

அந்தப் பிள்ளையைத் திட்டவும் அவருக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பின்னால் வந்து பணம் கட்டியவர்களெல்லாம், ஆடி போகட்டும் என்று காத்திருந்தவர்களெல்லாம், ஆவணி முதல் தேதியில் ஜம்மென்று வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசிச் சவாரி எடுத்து நாற்பத்தைந்தாவது நாள் வந்தது. சங்கத்தில் கூடுதல் நாள் கேட்கலாம்தான். எந்த வாயால் கேட்பது? விடியற்காலையில் சூசைராஜ் தன் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றான். காத்திருப்போர் வரிசையில் இப்போது முதல் ஆளே அவன்தான். ஏழாம் நம்பர் காலியானால் அவனுக்குத்தான்.

"கயிறு கொண்டாந்துருக்கேண்ணே. கட்டி இழுத்துட்டுப் போறேன். ஸ்டாண்டுல வண்டியாவது நிக்கட்டும். பெறகு நாலு பேரு பேசி முடிவெடுக்கட்டும்."

வேலுசாமி கயிற்றை வாங்கிப் புது வண்டியில் கட்டினார். ஏறி உட்கார்ந்தார்.

சென்னை ரயில் வந்து ஜனம் வெளியே கொட்டியது. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பி, ஏழாம் நம்பரின் முறை வந்தது. இரண்டு பையோடு ஓர் அம்மாள் நேரே வந்து அந்தப் புது வண்டியில் ஏறினார். "பஸ் ஸ்டாண்டுக்குப் போப்பா. குஜிலியம்பாறை பஸ்ஸப் பிடிக்கணும்."

கை பழக்கத்தில் சாவியைத் திருப்பியது. ஒரு விளக்குகூட எரியவில்லை.

"ஏம்ப்பா, எடுக்கலையா?"

ஸ்டாண்டே பார்த்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பலகையில் அவர் கையெழுத்து, பெயிண்டு இன்னும் மங்கவில்லை. முன்னால் சூசைராஜின் வண்டி, கயிறு கட்டியபடியே நின்றது. இந்த ஒரு சவாரியையும் அப்படியே இழுத்துக்கொண்டு போடா என்று சொன்னால் அவன் மாட்டேன் என்று சொல்லமாட்டான். அது வேலுசாமிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

அவர் இறங்கினார். அந்த அம்மாளின் பைகளை எடுத்துச் சூசைராஜின் வண்டியில் வைத்தார். "இதுல ஏறிக்கங்கம்மா. ஏழாம் நம்பரு வண்டி இதுதான்."

"அண்ணே..." என்றான் சூசைராஜ்.

"போடா. பஸ்ஸு போயிரும்."

கயிற்றை அவிழ்த்துவிட்டு அவன் கிளம்பினான். பின்னால் எட்டாம் நம்பர்காரர் செத்த நேரம் பொறுத்துப் பார்த்தார். வெளியே இன்னும் சவாரி நின்றது. தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"வேலுண்ணே, வண்டி மறிச்சுக்கிட்டு நிக்குது. செத்த ஹேண்டிலப் பிடிங்க. நாங்க ஓரமாத் தள்ளிவிடுறோம்."

நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். வேலுசாமி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். வண்டி உருண்டு ஸ்டாண்டுக்கு வெளியே போய் நின்றது.