கம்பி முறுக்க ஒரு ஆள்

அப்போது நாங்கள் குடியிருந்தது கூலியாட்கள் தங்கும் கொங்சி வீட்டில். பலகைச் சுவர், தகரக் கூரை. பழைய ரப்பர் மரங்களை அழித்துப் புதுக்கன்று நடுகிற குத்தகைக்காரரிடம் அப்பாவுக்கு வேலை. ஒரு காட்டில் வேலை முடிந்தால் வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றுவோம், அடுத்த காட்டில் இறக்கி மறுபடியும் அடிப்போம். வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது அம்மாவின் வேலை. அதே ஆணி, அதே ஓட்டை. இடம் மாற மாற வீடு தளர்ந்துகொண்டே வந்தது. திகாம் பத்துவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, முன்கதவைச் சாத்தினால் பின்சுவர் ஆடியது.

தூண்களை மண்ணில் புதைப்பதில்லை. எப்படியும் பிரிக்கப் போகிற வீடுதானே. கட்டைகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். காற்றுக்குப் பறந்துவிடாமல் இருக்க, கூரைக்கு மேலாக இரட்டைக் கம்பியை இழுத்து இரண்டு பக்கமும் மரத்தில் கட்டுவார்கள். கம்பியின் நடுப்பகுதி கூரைச் சந்து வழியாக உள்ளே இறங்கும். காற்று வந்தால் மரம் ஆடும், கம்பி தளரும். ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து, கம்பிக்கு இடையில் கடப்பாறையைக் கொடுத்து முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாக் கொங்சியிலும் இதுதான் வழக்கம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அன்று மத்தியானம் சுங்கை பட்டாணிப் பள்ளியிலிருந்து சைக்கிளில் திரும்பி வரும்போதே, எப்போதும் தெரிகிற ஜெராய் மலையைக் காணவில்லை. அந்தப் பக்கம் முழுவதும் கறுத்துக் கிடந்தது. வீட்டில் அப்பா கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கம்பி கட்டியிருந்த மரத்தில் ஓர் இலைகூட இல்லை. அடிப்பட்டையைச் சுற்றிச் சீவி, பட்டுப்போவதற்காக அப்பாவே மருந்து பூசிய மரம்.

"அப்பா, அது செத்த மரம். வேர் தாங்காது. ஸ்டோருக்குப் போயிடலாம், வாங்க."

ரப்பர் பாலை உறைய வைக்கும் ஸ்டோர் ஒன்றுதான் அங்கே கல் கட்டடம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் அதைத் திறந்து வைத்திருந்தார்.

"எத்தனை காட்டுல இப்படிக் கட்டியிருக்கேன்! நீ அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ."

"நீங்க?"

"கம்பி தளர்ந்தா யாரு முறுக்குறது? உன் புத்தகமா?"

பக்கத்து வீட்டு அண்ணன் தன் வாசலில் நின்று சிரித்தார். "என்ன தம்பி, அஞ்சாம் பாரம் படிச்சும் காத்துக்குப் பயமா? வாத்தியாரு ஓடத்தான் சொல்லிக் குடுத்தாரா லா?"

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உதறவில்லை, மெதுவாக விடுவித்துக்கொண்டார். "வீடு போயிட்டா ராத்திரி எங்கடா படுக்கிறது? போ, மழை வருது." அம்மாவும் ஒருமுறை கூப்பிட்டாள். அவர் கடப்பாறையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்டோர் வாசலில் கிராணியார், "எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ, கெதியா வாங்கோ" என்று கூவினார். வந்தவர்களில் ஆண்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கம்பிக்காகத் தங்கிவிட்டார். பிறகு காற்று அடித்தது. தங்கச்சி என் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே மரங்கள் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

மழை சற்று விட்டதும் ஓடினோம். காற்று எங்கள் வீட்டைத் தூக்கிப் போடவில்லை. செத்த மரம் வேரோடு சாய்ந்திருந்தது. கம்பி அறுந்திருந்தால் மரம் மட்டும் போயிருக்கும். கம்பி அறுபடவில்லை. மரம் விழுந்த பக்கமே வீட்டையும் இழுத்துப் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் தகரத்தைப் புரட்டினார். "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உத்தரம் அப்பாவின் நெஞ்சின் மேல் கிடந்தது. கடப்பாறை இன்னும் கம்பிக்குள்ளேயே இருந்தது.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அந்தக் காட்டு வேலையும் முடிந்தது. அம்மா அந்தக் குத்தகைக்காரரிடமே நாற்று மேட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். போக வேறு இடம் இல்லை. நசுங்கிய தகரங்களைத் தட்டி நிமிர்த்தி, அதே பலகைகளை அடுத்த காட்டில் அடித்தோம். மரங்களை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் அடிக்கச் சொன்னாள் அம்மா. எங்கள் வீட்டுக்குக் கம்பி இல்லை. பறந்தால் பறக்கட்டும் என்றாள். கடப்பாறையை அவள் கண்ணில் படாமல் வைக்க நினைத்தேன். அதற்குள், அங்கேயும் எங்களுக்குப் பக்கத்திலேயே வீடு அடித்திருந்த அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அங்கேயும் ஒரு சாயங்காலம் வானம் கறுத்தது. நான் வாய் திறக்கும் முன்பே அம்மா தங்கச்சியின் கையைப் பிடித்து அந்தத் தோட்டத்து ஸ்டோர் பக்கம் நடந்தாள். நான் பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். அண்ணன் உள்ளே கம்பிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. வேணாம்ணே."

"அன்னிக்கு என் வீடு நின்னுச்சே தம்பி. கம்பி இருந்ததாலதானே?"

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. "நீ போ. இங்க ஒரு ஆள் இருக்கணும்லா."

தூரத்திலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. நடக்கத் தொடங்கினேன். பின்னால் கம்பி முறுகும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.